சர்வோ கையை வெட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க!

வணக்கம் மக்களே! ரிமோட்ல பறக்கற குட்டி ப்ளேன்ல, சர்வோ மேல மாட்டற இந்த வெள்ளை ப்ளாஸ்டிக்கைப் பாருங்க. கூட்டல் குறி மாதிரி நாலு கை. இதுல மூணைக் கத்தரிச்சுத் தூக்கிப் போடப்போறோம். எந்த மூணு? அதை யோசிக்காம நான் வெட்டினதாலதான் என் முதல் ப்ளேனோட எலிவேட்டர், அதாவது மூக்கை மேல கீழ ஆட்டற வால் பலகை, கடைசி வரைக்கும் கோணலாவே நின்னுச்சு.

சர்வோன்னா என்ன, ஒரே மூச்சுல சொல்லிடறேன். ப்ளேனோட பலகைகளை அசைக்கிற குட்டிப் பெட்டி அது. உள்ள ஒரு குட்டி மோட்டார், கியர், கை எங்க நிக்குதுன்னு பாக்கற ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவர்ல இருந்து செகண்டுக்கு சுமார் 50 துடிப்பு வரும். துடிப்போட நீளம் 1.5 மில்லி செகண்ட்னா கை நடுவுல நிக்கும், 1 ஆனா ஒரு பக்கம், 2 ஆனா மறுபக்கம். தியரி முடிஞ்சுது, எழுந்திருங்க!

சர்வோவைப் பொருத்தறது சுலபம். சர்வோவோட ரெண்டு பக்கமும் ஓட்டையோட நீட்டிக்கிட்டு இருக்கிற காதுல ரப்பரைச் சொருகுங்க, பித்தளைக் குழாயைக் கீழ இருந்து விடுங்க. அதோட அகலமான விளிம்பு மரத்து மேல உக்காரணும். தலைகீழாப் போட்டா ஸ்க்ரூவை முறுக்க முறுக்கக் குழாய் மரத்தைக் குடையும், ரப்பர் நசுங்கும். அதிர்வைத் தாங்கத்தான் அந்த ரப்பரே, பாவம்.

இப்ப நம்ம கைக்கு வருவோம். ப்ரொப்பெல்லரைக் கழட்டியாச்சா? ட்ரான்ஸ்மிட்டர், அதான் நம்ம ரிமோட், ஆன். நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தற ட்ரிம் எல்லாம் ஜீரோ, அப்புறம் ரிசீவருக்குக் கரண்ட். சர்வோ நடுவுக்கு வந்து நிக்கும். கையை மாட்டுங்க. புஷ்ராடுக்கு, அதாவது கையையும் பலகையையும் இணைக்கிற கம்பிக்கு, 90 டிகிரியில நிக்கணும். நிக்காது! முன்னாடி சாயும். ஒரு பல் தள்ளி மாட்டினா பின்னாடி சாயும். எரிச்சலா வரும்.

ஏன்னா ஃபுட்டாபா கம்பெனி சர்வோவுல, கை உக்கார்ற ஷாஃப்ட்ல 25 பல். ஒரு பல் நகர்ந்தா 14.4 டிகிரி. நடுவுல நிறுத்த வழியே இல்லன்னு தோணுதுல்ல? இங்கதான் அந்த நாலு கை. 25 மாம்பழத்தை நாலு பேருக்குப் பங்கு போடுங்க. ஆளுக்கு ஆறேகால். அந்தக் கால் இருக்கு பாருங்க, அதுதான் நம்ம ஹீரோ! அடுத்த கையைத் திருப்பி மாட்டும்போது அது கால் பல் தள்ளி, அதாவது 3.6 டிகிரி தள்ளி நிக்கும். மூணாவது கை அரைப் பல், நாலாவது முக்கால். ஒரே கையோட மல்லுக்கட்டினா 7.2 டிகிரி வரைக்கும் கோணல் வரலாம். நாலையும் மாத்தி மாத்திப் பாத்தா 1.8-க்குள்ள அடங்கிடும். நேரா நிக்கிற கைக்கு மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க, மத்த மூணையும் வெட்டுங்க. இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, வீட்ல எல்லாருக்கும் மாம்பழக் கணக்குதான்.

ஆனா ஹைடெக்ங்கிற கம்பெனியோட 24 பல் சர்வோன்னா இந்த வித்தை பலிக்காது. ஆளுக்கு ஆறு, மிச்சமே கிடையாது. நாலு கையும் ஒரே மாதிரிதான் சாயும். அந்தக் கோணலை ட்ரான்ஸ்மிட்டர்ல சப்-ட்ரிம்ங்கிற செட்டிங் வெச்சு சரி பண்ணிக்கங்க.

புஷ்ராடைச் சர்வோ கையில உள்பக்க ஓட்டையிலயும், பலகையில ஒட்டியிருக்கிற ஹார்ன்ல வெளிப்பக்க ஓட்டையிலயும் மாட்டுங்க. பலம் கூடும், ஆட்டம் குறையும்.

கடைசியா, ப்ளேனுக்குப் பின்னாடி நின்னு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்க. வலது எயிலரான், அதான் இறக்கையோட பின் ஓரத்துல அசையற பலகை, மேல போகணும். ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேல. நான் ஒரு தடவை இதைப் பாக்காம பறக்க விட்டேன். வலது பக்கம் திருப்பத் திருப்ப அது இடது பக்கமாப் படுத்து, நேரா வேலிக்கருவைப் புதருக்குள்ள போயிடுச்சு. ப்ளேனை எடுக்கப் போய் என் கையைக் கிழிச்சுக்கிட்டதுதான் மிச்சம். அந்தத் தழும்பு இதோ, கேமராவுல தெரியுதா?

உங்க சர்வோவுல எத்தனை பல்? எண்ணிப் பாத்து கமெண்ட்ல போடுங்க.