டிவி ‘கோபம்’ ஆகப்போற பையன் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மனசை விட்டே போகல.

கேரளாவுல பாலக்காடு பக்கம் இருக்கற கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. தமிழ் மீடியத்துல ஆறாவது, ஏழாவது படிக்கற 8 பிள்ளைங்களுக்குச் சாயந்தரம் கூகுள் மீட்ல இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறாங்க. “படிக்கச் சொன்னா படிக்குதுங்க, வாயைத் திறந்து பேச மாட்டேங்குதுங்க. எந்த ஆப் நல்லது?” இதுதான் கேள்வி. ஆனா போற போக்குல ஒண்ணு எழுதிருக்காங்க பாருங்க. பெரியவனானா என்ன ஆகணும்னு எழுதச் சொன்னா, ஒரு பையன் டிவி ஆங்கர் ஆகணும்னு எழுதிருக்கான். ஸ்பெல்லிங்? ஏ, என், ஜி, இ, ஆர். டிவியில கோபமா ஆகப்போறானாம்! ராத்திரி நடக்கற சில விவாதங்களைப் பார்த்தா அவன் எழுதினதுதான் சரியோன்னு தோணும். அது கிடக்கட்டும்.

டீச்சர், அவன் காதுல விழுந்ததை அப்படியே எழுதிருக்கான். அவ்வளவுதான். பழைய ஆளுங்களுக்கு இது தெரியும், ‘சிம்பிள்’ வீடியோவுல சொன்னதுதான், திரும்பவும் சொல்றேன். தமிழ்ல மெல்லினத்துக்குப் பின்னால அதோட வல்லினம் வந்தா, அது இளகித்தான் வரும். தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, கம்பு. சொல்லிப் பாருங்க. ‘பக்கம்’ல ஒரு அழுத்தமான க்க வருதே, அது ‘தங்கம்’ல வருதா? வராது. அந்த நாக்கோட இங்கிலீஷுக்குப் போனா, டிவியில பேசறவர் ஆங்க்கர், கோபம் ஆங்கர், ரெண்டும் ஒண்ணாயிடுது. சிம்ப்பிள் சிம்பிள் ஆகுது, டெம்ப்பிள் டெம்பிள் ஆகுது. எல்லாம் ஒரே வியாதி.

பிள்ளைங்க மலையாளமும் படிக்குதே, அதுல ப-வுக்கே நாலு எழுத்து இருக்கேன்னு கேப்பீங்க. பாதிக்கு உதவும். குத்தற பின், குப்பை போடற பின், இந்த வித்தியாசத்தை மலையாள எழுத்துல போட்டுக் காட்டுங்க, டக்குனு பிடிச்சுக்குவாங்க. நான் இப்பச் சொன்ன ரெண்டு பின்னும் வீடியோவுக்குக் கீழே தமிழ் எழுத்துல ஒரே மாதிரிதான் ஓடும், அதுதான் நம்ம சிக்கலே! ஆனா ங்-க்குப் பின்னால மலையாள நாக்கும் நம்ம நாக்கு போற வழியிலதான் போகும். அங்க அந்த எழுத்து கைகொடுக்காது. நகரி, புத்தூர் பக்கம் தெலுங்கு பேசிப் பழகின பிள்ளைங்க தப்பிச்சாங்க. அவங்களுக்கு அங்க்கெ-ன்னா எண், அங்கடின்னா கடை. நாக்கு ஏற்கெனவே பிரிச்சு வச்சிருக்கு.

சரி, ஆப். எந்தத் தப்பைத் திருத்தணும்னு முடிவாச்சுன்னா ஆப் தானா அமையும். இந்த ஆங்க்கருக்குத் தேவை ஒரு டிக்‌ஷனரி, வாட்ஸ்அப், வாய்ஸ் டைப்பிங். காசு ஒண்ணும் ஆகாது.

முதல்ல காது. கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரியை ஆன்லைன்ல திறந்தா ஒவ்வொரு வார்த்தை பக்கத்துலயும் ஸ்பீக்கர் படம் இருக்கும். ரெண்டு வார்த்தையையும் மாத்தி மாத்தி 3 தடவை கேக்க விடுங்க. திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க, கேக்க மட்டும். அப்புறம் வரிசையைக் கலைச்சு 10 தடவை போடுங்க. பிள்ளைங்க நோட்டுல ‘கோபம்’னோ ‘டிவி’ன்னோ எழுதணும். 8 சரியா வர்ற வரைக்கும் பேச வைக்க வேண்டாம். காதுக்கே பிரியலைன்னா வாய்க்கு எப்படிங்க பிரியும்?

அப்புறம் வாய். ‘பக்கம்’ சொல்லச் சொல்லி அந்த க்க-வைப் பிடிங்க. ஆங்… நிறுத்து… க்கர். தொண்டையில விரலை வச்சா, நிறுத்தற இடத்துல அதிர்வு நிக்கறது தெரியும். கோபத்துக்கு நிக்காம ஓடும். முதல்ல நீளமான இடைவெளி, அப்புறம் சின்னதா, அப்புறம் சேர்த்து. இந்த மூணையும் ஒரே வாய்ஸ் நோட்டா 20 செகண்ட்ல அனுப்பச் சொல்லுங்க. 8 பேருக்கு 160 செகண்ட், நீங்க மூணு நிமிஷத்துக்குள்ள கேட்டு முடிச்சிடலாம். பதில் அனுப்பறப்போ ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்லுங்க. அஞ்சு தப்பைச் சொன்னா அந்தப் பிள்ளை நாளைக்கு அனுப்பாது.

இதை மீட்ல எல்லாரையும் கோரஸா சொல்ல வைக்கப் பார்க்காதீங்க. ஒவ்வொருத்தர் குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேரும். இரைச்சல் குறைக்கற வேலையில சில குரல் பாதியில அறுந்தும் போகும். எல்லாரும் மியூட்ல வச்சுச் சொல்லட்டும், ஒருத்தர் மட்டும் மைக்கைத் திறக்கட்டும். அப்புறம் அந்த ப்ளூடூத் இயர்போன்! மைக் ஓடற நேரத்துல நிறைய ப்ளூடூத் செட்ல சத்தம் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிடும். ஸ், ஃப் மாதிரி சத்தம் மேல இருக்கற அலைவரிசையில இருக்கறதால அதுதான் முதல்ல காணாமப் போகும். பிள்ளை சரியாச் சொல்லிருக்கும், நீங்க தப்புன்னு திட்டுவீங்க. ஒயர் வச்ச இயர்போனே போதும்.

கடைசியா மெஷின். கம்ப்யூட்டர்ல குரோம்ல கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ்ல வாய்ஸ் டைப்பிங். மொழி ‘இங்கிலீஷ் இந்தியா’ன்னு மாத்துங்க, இல்லைன்னா பிள்ளை அமெரிக்கா மாதிரி பேசப் பார்க்கும். போன்னா கீபோர்டு மைக். இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ‘ஐ வான்ட் டு பி எ டிவி ஆங்கர்’னு முழு வாக்கியமா சொன்னா, மெஷின் டிவிங்கற வார்த்தையைப் பார்த்துட்டு ஸ்பெல்லிங்கைத் தானே சரியாப் போட்டுடும். பையன் சொன்னது தப்பு, ஸ்க்ரீன்ல சரி. அதனால வார்த்தையைத் தனியா, 3 தடவை சொல்லச் சொல்லுங்க. ரெண்டு தடவை சரியா விழுந்தா போதும், ஏன்னா தனி வார்த்தையில மெஷினும் தடுமாறும். முதல்ல நீங்க சொல்லிப் பாருங்க. உங்களுக்கே விழலைன்னா பிள்ளையைக் குறை சொல்ல முடியாதில்ல?

கூகுளோட ரீட் அலாங் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2019-ல போலோன்னு வந்ததே, அதுதான். கதையை இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும், சத்தமா வாசிச்சுப் பழக நல்லது. வாரத்துல ரெண்டு நாள் குடுங்க. இந்த ங்க-வைத் திருத்தற வேலையை அது தலையில கட்டாதீங்க.

டீச்சர், ஒரு வாரம் இந்த ரெண்டு வார்த்தை மட்டும் பாருங்க. திங்கக்கிழமை ரெக்கார்டிங், சனிக்கிழமை ரெக்கார்டிங், ரெண்டையும் அந்தப் பையனுக்கே அடுத்தடுத்து போட்டுக் காட்டுங்க. எது டிவி, எது கோபம்னு அவனே சொல்லட்டும்.

அடுத்த கேள்வி திருத்தணியில இருந்து வந்திருக்கு…