அரக்கான் மலைக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். பர்மாவின் மோல்மீனிலும் தட்டோனிலும் இருந்து கேட்கும் நம்மவர்களுக்கு மழை புதிதல்ல. மோல்மீனில் மட்டும் ஆண்டுக்கு 4 மீட்டருக்கு மேல் பெய்கிறது. மாந்தளையில் ஒரு மீட்டர்கூட இல்லை. பகான் பக்கம் அதைவிடக் குறைவு. ஒரே நாடு, ஒரே பருவக்காற்று. அப்புறம் ஏன் இந்த வேறுபாடு?

தென்மேற்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்தோடு வந்து, மேற்குக் கரையோரம் நிற்கும் அரக்கான் யோமா மலைத்தொடரில் மோதுகிறது. சின்ன மலையா அது? அதிலுள்ள விக்டோரியா சிகரம் 3053 மீட்டர். ஏறும் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த நீரை அக்யாப் கரையிலும் மலைச்சரிவிலும் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது, ஈரம் இழந்த அந்தக் காற்று 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. மேகம் கலைந்துவிடுகிறது. மாந்தளையும் பகானும் இருக்கும் ஐராவதியின் நடுச் சமவெளியில் காற்று வீசும், மழை குறைவு. பருவக்காற்று வலுத்து அடிக்கும் ஜூலையில்தான் அங்கே மழை இடைவெளி விடும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. வைகாசி மழையில் எள் விதைத்தவர்கள் அந்த நாட்களில் படும் கவலை பெரிது.

நம் முன்னோர் விட்டு வந்த ராமநாதபுரச் சீமையும் இப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் காற்றை முன்பே பிழிந்துவிடுகிறது. பகானைச் சுற்றிப் பனையும் எள்ளும் நிலக்கடலையும் கருப்பட்டியும் இருப்பதைப் பார்த்தால் ஊர் நினைவு வராமல் இருக்காது.

ஆனால் வாடைக்காற்றில் இரண்டு ஊரும் பிரிந்துவிடுகின்றன. கார்த்திகையில் நமக்கு அது வடக்கே நிலத்தின் மேல் வருவதால் வறண்ட காற்று. வங்கக் கடலைத் தாண்டும்போது ஈரம் சேர்த்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு அடைமழையாகப் போகிறது. அவர்களுக்குக் கண்மாய் நிரம்பும் மாதத்தில் நமக்கு வானம் வெறிச்சென்று இருக்கும்.

வறண்ட சமவெளியின் நடுவே போப்பா மலை, 1518 மீட்டர், பச்சையாக நிற்கிறது. அந்த உயரத்துக்கு ஏறும் காற்றில் மிச்சமிருக்கும் ஈரமும் மழையாகிறது. அடிவாரத்தில் ஊற்றுகள் உண்டு. அந்தக் காட்டை வெட்டாமல் காப்பது சுற்றியுள்ள ஊர்களுக்கே நல்லது.

சரி, அந்தப் பக்கம் பயிர் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்டு மழையளவை மட்டும் கேட்காதீர்கள். ஜூலையில் எத்தனை நாள் பெய்கிறது என்று உள்ளூர் விவசாயியிடம் கேளுங்கள். விதைப்பை அதற்கேற்ப வையுங்கள். வணக்கம்.