முகாம் மாறும்போது

நேயர்களுக்கு வணக்கம். நாகாவதி அணை, தும்பலஹள்ளி அணை, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டத்திலும் அணையை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். அந்தக் குடும்பங்களோடு பழக்கம் இன்னும் விடவில்லை. இன்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேச வந்திருக்கிறேன். ஒரு முகாமை மூடினால், அங்கிருப்பவர்களை ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்பாதீர்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகும் 1990 போரின்போதும் படகேறி வந்தவர்கள் இவர்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் முகாமில் பதிவு முடிந்ததும், எந்த மாவட்டம் என்று சொன்னார்களோ அந்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறினார்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 200க்கும் மேற்பட்ட முகாம்கள் இருந்தன. இன்று நூற்றுச் சொச்சம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் ஓர் உத்தரவு போதும், இடம் மாற்றிவிடலாம். சட்டம் இருக்கிற பிரிட்டனிலேயே, 1999க்குப் பிறகு, அரசு வீடு கொடுத்தால் எந்த ஊர் என்று தஞ்சம் கேட்டவர் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கே போனாலும் இதே கதைதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா முகாமுக்குள் சீட்டு நடத்திவந்தார். இருபது பேர், மாதம் ஆயிரம். சீட்டு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையெழுத்தில்லை, ஜாமீனில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஏழு பேர் எடுத்துவிட்டார்கள், பதின்மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் முகாமைப் பிரிக்கப் போவதாகப் பேச்சு கிளம்பியது. எடுத்தவர் ஒரு மாவட்டம், எடுக்காதவர் இன்னொரு மாவட்டம் என்று போனால் யாரிடம் போய்க் கேட்பது? வெளியூர் போகவே அனுமதி வாங்க வேண்டியவர்கள் அவர்கள். அக்கா நோட்டை என் முன்னால் பிரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டினார். "எங்கள எங்க விட்டாலும் இருப்பம் சேர். எல்லாரையும் ஒண்டா விடச் சொல்லுங்கோ. காசு போனாப் பரவாயில்லை, என்ர பேர் போயிடும்."

அந்த நோட்டைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். பெட்டி படுக்கையை லாரியில் ஏற்றிவிடலாம். அந்த நோட்டில் இருக்கும் நம்பிக்கையை எந்த லாரியில் ஏற்றுவது? ஆண்களுக்கும் அப்படித்தான். முகாம்களில் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். மேஸ்திரிக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் ஆள் தெரியும், அவரோடு ஐந்தாறு பேர் போவார்கள். மேஸ்திரியை ஒரு முகாமுக்கும் மற்றவர்களை இன்னொரு முகாமுக்கும் அனுப்பினால், அத்தனை பேரும் முதலிலிருந்து வேலை தேட வேண்டும். அரசு உதவித்தொகையை 2021இல் உயர்த்தினார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. நல்ல காரியம். அதை மட்டும் வைத்து மாதத்தை ஓட்ட முடியுமா, நீங்களே கணக்குப் போடுங்கள். மீதியெல்லாம் கூட்டாளிகளால் வருவது. திரும்பவும் சொல்கிறேன், சேர்ந்து இருந்தவர்களைச் சேர்த்தே அனுப்புங்கள்.

அதே 2021இல் 7,469 புது வீடுகள் கட்டுவதாகவும் அறிவித்தார்கள், அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். வீடு ஒதுக்குவதற்கு முன்னால் முகாமில் ஒரு கூட்டம் போட்டு, யாருக்கு யார் பக்கத்து வீடு என்று அவர்களையே பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒரு சாயங்கால வேலை அது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுவதாக இருந்தால் மே மாதத்தில் மாற்றுங்கள். பொதுத்தேர்வுப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் போன பிறகு கை வைக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழை லாரி வருவதற்கு முன்பே பெற்றோர் கையில் கொடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கும் முதியவர்களுக்கு ஒரு மாத மாத்திரையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் கூடவே போகட்டும். வணக்கம்.