டக் டக் சத்தமும் அந்தப் பாழாப்போன தகடும்

வணக்கம் மக்களே. குளியல் வீடியோவோட ரெண்டாம் பாகம் இன்னைக்கு வரும்னு சொல்லியிருந்தேன். வராது, மன்னிச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பேசியே ஆகணும், எரிச்சல் தாங்கல.

இதோ பாருங்க, நாய்க்கு நகம் வெட்டுற புது நகவெட்டி. பழசு மொக்கையாயிடுச்சுன்னு போன வீடியோலயே காட்டினேன்ல, அதுக்குப் பதில் வந்தது. அலகு அருமை, கைப்பிடி வழுக்கல, ஸ்பிரிங் நல்லா இருக்கு. ஆனா அலகுக்குப் பின்னாடி ஒரு சின்னத் தகடு ஆடிட்டு இருக்கு பாருங்க. கேமராவுக்குப் பக்கத்துல கொண்டு வரேன். தெரியுதா? டப்பா மேல கொட்டை எழுத்துல "பாதுகாப்புத் தகடு"ன்னு போட்டிருக்கு. நகம் இந்தத் தகட்டுல இடிச்சு நிக்கும், அதுக்கு மேல வெட்டுப்படாதுன்னு கணக்கு.

யாரு போட்ட கணக்கு இது? ஸ்கேல் வச்சு அளந்துட்டேன். அலகுக்கும் தகட்டுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர். நகத்துக்குள்ள ரத்தக்குழாயும் நரம்புமா ஒரு சதை ஓடுது, அதைத்தான் க்விக்னு சொல்றோம். அது நுனியிலேருந்து எவ்வளவு தூரத்துல ஆரம்பிக்கும்ங்கறது நாய்க்கு நாய் மாறும். ஒரே நாய்க்கே விரலுக்கு விரல் மாறும். ஒரு நகத்துல 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், பக்கத்து நகத்துல 2 மில்லிமீட்டர்லயே இருக்கும். அப்போ இந்தத் தகட்டை நம்பி "இடிக்கிற வரைக்கும் விடு, வெட்டு"ன்னு போனா, ரெண்டாவது நகத்துல நேரா சதையில போய் நிக்கும். இதுக்குப் பேரு பாதுகாப்பாம்!

அதைவிடப் பெரிய கடுப்பு என்னன்னா, தகடு இருக்குற பக்கத்துலேருந்து நகத்தோட வெட்டுமுகத்தைப் பார்க்கவே முடியாது. உள்ள இருக்குற சதை வெளிய தெரியாத கருப்பு நகத்துக்கு நமக்கு இருக்குற முக்கியமான வழிகாட்டி அந்த வெட்டுமுகம்தான். அதையே மறைச்சுட்டு பாதுகாப்புன்னா எப்படி?

சரி, என்ன பண்ணணும்? நடுவுல இருக்குற ஸ்க்ரூவைக் கொஞ்சமா தளர்த்துங்க, தகட்டை வெளிப்பக்கமா ஒதுக்குங்க, திரும்ப முறுக்குங்க. முழுசா கழட்டாதீங்க. சில மாடல்ல ஸ்பிரிங் துள்ளி எங்கயாவது போயிரும், அப்புறம் தரையில குப்புறப் படுத்துத் தேடணும். முறுக்கினதுக்கு அப்புறம் ரெண்டு தடவை காத்துல வெட்டிப் பாருங்க, அலகு ரெண்டும் உரசாம சேரணும். கைப்பிடியைப் பூட்டுற இந்தச் சின்னக் கொக்கியும் ஒரு தொல்லை, பாதி வெட்டுல தானா சரிஞ்சு பூட்டிக்கும். ஆரம்பிக்கிறப்பவே நல்லாப் பின்னாடி தள்ளி விட்டுருங்க.

அஞ்சு நிமிஷமா ஒரு தகட்டைத் திட்டிட்டு இருக்கேன். விஷயத்துக்கு வரேன்.

"நடந்தா தானா தேஞ்சிரும், எதுக்கு வெட்டணும்?" இந்தக் கேள்வி கமெண்ட்ல வராத நாளே இல்ல. பாதி உண்மை. சொரசொரப்பான தரையில தினமும் நல்லா நடக்குற, கனமான நாய்க்குத் தேயும். எடை கம்மியான குட்டி நாய்க்கும், மண்ணுலயும் புல்லுலயும் நடக்குற நாய்க்கும், வயசாகி நடை குறைஞ்ச நாய்க்கும் அவ்வளவா தேயாது. பொதுவா ஒரு நாய்க்கு நாலு கால்லயும் சேர்த்து மொத்தம் 18 நகம். முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு. முன்னங்கால்ல உள்பக்கம் மேல தள்ளி இருக்குற அஞ்சாவது விரல், அதைப் பனிநகம்னு சில பேர் சொல்வாங்க, நான் அஞ்சாம் நகம்னே சொல்றேன், அது நடக்கும்போது தரையில படவே படாது. படாததால தேயாது. தேயாததால வளைஞ்சு வளைஞ்சு வட்டமா வளர்ந்து திரும்பத் தோலுக்குள்ளயே குத்தி இறங்கும். முடி நிறைய இருக்குற நாய்க்கு அது கண்ணுக்கே தெரியாது, நாய் அந்த இடத்தையே நக்கிட்டு இருக்கும்போதுதான் தெரியவரும். சில நாய்க்குப் பின்னங்கால்லயும் இந்த நகம் இருக்கும். கிரேட் பைரனீஸ், பிரையார்டு மாதிரி இனங்களுக்கு ஒவ்வொரு பின்னங்கால்லயும் ரெண்டு கூட இருக்கும். தடவிப் பாருங்க.

உங்க நாய்க்கு நகம் நீளமா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வழவழப்பான தரையில நடக்கும்போது டக் டக்னு சத்தம் வந்தா நீளம். இன்னும் துல்லியமா வேணும்னா, சமதளத்துல நேரா நிக்க வச்சு, நகத்துக்கு அடியில ஒரு பேப்பரை நுழைச்சுப் பாருங்க. தடையில்லாம உள்ள போனா சரி. மாட்டுச்சுன்னா, நகம் தரையை முட்டுது. அப்படி முட்டுறப்போ விரல் மேல பார்த்தோ பக்கவாட்டுலயோ தள்ளப்படும், நாய் எடையைப் பின்னாடி சாய்ச்சு நிக்கப் பழகும். மூட்டுவலி இருக்குற வயசான நாய் வழுக்கி விழுறதுக்கு நகமும் ஒரு காரணம். அதனாலதான் இதை நான் அழகு வேலைன்னு ஒத்துக்கவே மாட்டேன்.

இப்போ வெட்டலாம். என் நாய் மணி தூங்குறான், அவனோட இடது முன்னங்கால் என் மடியில. இவனுக்கு 14 கருப்பு நகம், 4 வெள்ளை நகம்னு உங்களுக்கே தெரியும். வெள்ளை சுலபம். வெளிச்சத்துல உள்ள இளஞ்சிவப்பா சதை தெரியும், அதுக்கு 2 மில்லிமீட்டர் முன்னாடி நிறுத்திக்கலாம். கருப்புதான் வேலை.

காலை எப்படிப் பிடிக்கிறேன் பாருங்க. கட்டைவிரல் அந்த விரலோட அடிப்பாதத்துல, ஆள்காட்டி விரல் நகத்துக்கு மேல தோல்ல. அடிப்பாதத்தை லேசா மேல தள்ளினா நகம் தானா வெளிய நீளும். நசுக்கக் கூடாது. காலைப் பக்கவாட்டுல இழுக்கவும் கூடாது, நாயோட கால் முன்னும் பின்னும்தான் நல்லா மடங்கும், வெளிப்பக்கமா இழுத்தா வலிக்கும். பல நாய் காலை உதறுறது வெட்டுறதுக்குப் பயந்து இல்ல, நாம பிடிக்கிற லட்சணத்துக்கு.

நகத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. நுனிப்பக்கம் ஒரு பள்ளம், குழிஞ்ச மாதிரி இருக்குல்ல? அது வரைக்கும் வெறும் ஓடு. பள்ளம் முடிஞ்சு நகம் முழுசா திரளுற இடத்துக்குப் பக்கத்துலதான் சதை. அதனால முதல் வெட்டு இந்தப் பள்ளத்துல மட்டும், 45 டிகிரி சாய்வா. அப்புறம் 1 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டரா சீவணும். வெங்காயத்தை மெலிசா அரியிற மாதிரி. ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டுமுகத்தைப் பாருங்க. இப்போ காய்ஞ்சு, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளிறிப்போய் இருக்கு. இன்னொண்ணு சீவறேன். இன்னும் அப்படித்தான். இன்னொண்ணு... ஆங், நடுவுல ஒரு புள்ளி வந்துச்சு பாருங்க, கொஞ்சம் பளபளப்பா, ஈரமா. நிறுத்து. அதுதான் எல்லை. "இன்னும் கொஞ்சம்"ங்கற ஆசைதான் ரத்தம் பார்க்க வைக்கும்.

ஐயோ, சொல்ல மறந்தே போயிட்டேன், இதை முதல்லயே சொல்லியிருக்கணும். வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரத்தம் நிறுத்துற பவுடரைத் திறந்து பக்கத்துல வச்சிருங்க. ஸ்டிப்டிக் பவுடர்னு கேட்டா கிடைக்கும். மூடி போட்டு அலமாரியில வச்சுட்டு, ரத்தம் வந்தப்புறம் ஒரு கையில நாயைப் பிடிச்சுட்டு இன்னொரு கையில மூடி திறக்கறதெல்லாம் நடக்காது. பவுடர் இல்லைன்னா சோளமாவு. ஒரு சிட்டிகை எடுத்து நுனியில அழுத்தி அப்பி, பஞ்சு வச்சு 2, 3 நிமிஷம் எடுக்காம பிடிங்க. நடுவுல "நின்னுச்சா"ன்னு துடைச்சுப் பார்க்காதீங்க, உறைஞ்சது பிச்சுட்டு திரும்ப ஆரம்பிக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஓட விடாதீங்க, நக்க விடாதீங்க. அழுத்திப் பிடிச்சும் 15 நிமிஷத்துக்கு மேல கசிஞ்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நகம் பாதி பிஞ்சு தொங்கினாலும் அப்படித்தான், நீங்களே இழுத்துப் பிய்க்காதீங்க.

நகவெட்டி வகை பத்தி. இடுக்கி மாதிரி ரெண்டு அலகு இருக்குற இதுதான் எனக்குப் பிடிக்கும். ஓட்டைக்குள்ள நகத்தை நுழைச்சு வெட்டுற மாடல் இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது. உதறுற நாயோட நகத்தை அந்த ஓட்டைக்குள்ள நுழைக்கிறதே ஒரு வித்தை, தடிச்ச நகம் நுழையவும் நுழையாது. ஆனா எதுவா இருந்தாலும் அலகு கூர்மையா இருக்கணும். மொக்கை அலகு வெட்டாது, நசுக்கும். சதை வெட்டுப்படலைன்னாலும் அந்த நசுக்கல் வலிக்கும், நகமும் நீளவாக்குல பிளக்கும். "கூர்மையா இருந்தா பயமா இருக்கு"ன்னு மொக்கையை வச்சிருக்கவங்களுக்குத்தான் சொல்றேன்.

அரைக்கிற மெஷின் கேட்டிருந்தீங்க. நல்லதுதான், வெட்டின ஓரத்தை மழமழன்னு ஆக்கும். ஆனா கம்மி வேகம், ஒரு தடவைக்கு 1, 2 செகண்ட் தொட்டு எடுக்கணும். ஒரே இடத்துல வச்சா நகம் சூடாகும். பாதத்து முடியை ஒதுக்கிப் பிடிக்கலைன்னா கல்லுல சுத்திக்கும். தூசிக்கு முகமூடி போட்டுக்கோங்க.

இப்போ முக்கியமானது. "என் நாய் கிட்டயே விடாது, நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுத்தான் வெட்டுறோம்." இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஒரு தடவை அமுக்கினா அடுத்த தடவை ஆறு பேர் வேணும். முதல் சில நாள் நகவெட்டியே எடுக்காதீங்க. தோளைத் தொடு, தீனி. முழங்கையைத் தொடு, தீனி. பாதத்தை 2 செகண்ட் பிடி, விடு, தீனி. பட்டாணி அளவு போதும். இந்த வரிசை மாறவே கூடாது, தொட்டதுக்கு அப்புறம்தான் தீனி. தீனியைக் காட்டிட்டுக் காலைப் பிடிச்சா, தீனியைப் பார்த்தாலே சந்தேகம் வந்துரும். அப்புறம் நகவெட்டியைப் பக்கத்துல வச்சுப் பழக்குங்க. தீக்குச்சியை அதுல வெட்டிக் காட்டுங்க, நகம் வெட்டுற அதே "டப்" சத்தம் வரும். அதுக்கும் தீனி. அடுத்த நாள் ஒரே ஒரு நகம். ஒண்ணுன்னா ஒண்ணு. "இன்னைக்கு நல்லா காட்டுறானே, எல்லாத்தையும் முடிச்சிரலாம்"னு பேராசைப்படுற அன்னைக்குத்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

உதட்டை நக்குறது, சும்மா கொட்டாவி விடுறது, முகத்தைத் திருப்பிட்டுக் கண்ணோட வெள்ளை தெரியப் பார்க்கிறது, இதெல்லாம் "போதும்"னு சொல்றது. உறுமலுக்குக் காத்திருக்காதீங்க. உறுமினா திட்டவும் திட்டாதீங்க, அடுத்த தடவை உறுமாம நேரா கடிக்கும். அவ்வளவு பயப்படுற நாய்க்கு டாக்டர் மயக்கமருந்தோ பதட்டம் குறைக்கிற மருந்தோ கொடுத்து வெட்டிவிடுவாங்க, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. நம்ம வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துராதீங்க. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷமாகலாம்.

வெட்டவே விடாத நாய்க்கு இன்னொரு வழி, சொறியும் பலகை. 60 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு பலகை, மேல 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, சாய்ச்சுப் பிடிச்சு, முன்னங்காலால சொறிய வைக்கணும். அவங்களே தேய்ச்சுப்பாங்க. நடு விரல் ரெண்டும் அதிகமா தேயும், ஓரத்து விரலுக்குப் பலகையைக் கொஞ்சம் திருப்பணும். அஞ்சாம் நகத்துக்கு மட்டும் இது உதவாது.

ரொம்ப நீளமா விட்டுட்டீங்களா? சதையும் கூடவே நீண்டிருக்கும், ஒரே நாள்ல குட்டையாக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் எடுங்க. சதை கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கும். மாசக்கணக்குல ஆகும், ஆனா நடக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரே வெட்டுங்கறவங்களுக்கு இது எப்பவும் நடக்காது.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. காலைக் கையில வச்சிருக்கும்போதே விரலிடுக்கையும் விரிச்சுப் பாருங்க. உண்ணி ஒளியறதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. முள்ளு, வெடிப்பு எல்லாம் இங்கதான் தெரியும். பாதத்துல சோளப்பொரி வாசனை வருதுன்னு எல்லாரும் கேட்பீங்க, அது பாக்டீரியா வேலை, பயப்பட ஒண்ணுமில்ல. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும், சிரிக்காதீங்க. ஆனா புளிச்ச நாத்தமா மாறி, இடுக்கு சிவந்து, நாய் நக்கிட்டே இருந்தா காட்டணும். அடிபடாமலேயே ஒண்ணுக்கு மேற்பட்ட கால்ல நகம் கழண்டு விழுந்தாலும் உடனே காட்டணும், நோய் எதிர்ப்பு சக்தியே நகத்தைத் தாக்குற ஒரு நோய் இருக்கு.

இதோ, அஞ்சாம் நகம். இதைத்தான் காட்டணும்னு இருந்தேன். பாருங்க, ஒரு சீவல்... ரெண்டு... மூணாவதுல புள்ளி. சுத்தமா வந்துடுச்சு, காலைக் கூட இழுக்கல! கண்ணு கூடத் திறக்கல பாருங்க. இவ்வளவு கனத்தையும் கையில போட்டுட்டுத் தூங்குறான். தகடு இருந்திருந்தா அந்தப் புள்ளி தெரிஞ்சிருக்குமா, சொல்லுங்க?

இந்தக் கால் முடிஞ்சுது, 5. பாக்கி 13 இருக்கு. அது நாளைக்கும் மறுநாளும். நகத்துண்டைப் பொறுக்கிட்டு வரேன், மிதிச்சா குத்தும்.