பாஹைத் தூக்கி நிறுத்தியது விரலே!

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையோரே, வணக்கம்.

'யோஹான் செபாஸ்டியன் பாஹின் இசைவாழ்வைத் தூக்கி நிறுத்தியது விரலா, பேனாவா?' இதுதான் தலைப்பு. பாஹ் ஜெர்மானிய இசையமைப்பாளர்; விரல் என்றால் அவர் வாசிப்பு, பேனா என்றால் அவர் எழுதிய இசை. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "விரல் 1750-லேயே லைப்சிக் மண்ணுக்குள் போய்விட்டது, 1100-க்கு மேற்பட்ட படைப்புகள் தாளில் தங்கியதால்தான் இன்றைக்கு இந்த மன்றமே கூடியிருக்கிறது" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆனால் அவர் பேசியது, அந்த மனிதர் கண்ணை மூடிய பிறகு வந்த புகழைப் பற்றி. தலைப்பு கேட்பது வாழ்வை. அவருக்குச் சோறு போட்டது எது? ஊர் ஊராகக் கூப்பிட வைத்தது எது? அவர் கூடவே இருந்தவர்கள் அவரை யாரென்று நினைத்தார்கள்?

கடைசிக் கேள்விக்கு அச்சிலேயே விடை இருக்கிறது. 1754-ல் வெளிவந்த அஞ்சலிக் கட்டுரையை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெற்ற மகன் இமானுவேல், இன்னொருவர் மாணவர் அக்ரிகோலா. தலைப்பில் அவர்கள் கொடுத்த அடைமொழி, 'ஆர்கன் வாசிப்பில் உலகப்புகழ் பெற்ற' என்பது. ஆர்கன் என்றால் துருத்திக் காற்றில் குழல்கள் ஒலிக்க, கையாலும் காலாலும் வாசிக்கும் தேவாலயக் கருவி. மகனே அப்படி எழுதியிருக்கிறார் ஐயா! எதிரணிக்கு மகனைவிட அதிகம் தெரியுமா?

சரி, முதல் வேலைக்கு வருவோம். 1703. ஆர்ன்ஷ்டாட் ஊர்ப் புதுத் தேவாலயத்தில் வெண்டர் என்பவர் செய்த ஆர்கன் தயாராக இருக்கிறது. சோதித்துச் சொல்ல வரவழைக்கப்பட்டவருக்கு வயது 18. சோதித்தார், வாசித்தார், ஆகஸ்டில் வேலையும் அவருக்கே. அன்றைக்கு அவர் பெயரில் அச்சான இசை ஒரு பக்கம்கூடக் கிடையாது. பேனாவை யாரும் கேட்கவே இல்லை.

'ஆர்கனைச் சோதிப்பது' என்றால் திறப்பு விழாவுக்குப் போய் மாலை வாங்கிக்கொள்வது இல்லை. ஊர் மொத்தமும் பணம் போட்டுச் செய்த கருவி. செய்தவர் கணக்கில் எழுதிய குழல் எல்லாம் உள்ளே இருக்கிறதா, காற்று போதுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா முதலில் என்ன செய்வார் என்று இமானுவேல் சொல்லியிருக்கிறார்: எல்லா ஸ்டாப்புகளையும் (ஒவ்வொரு குழல் வரிசையையும் திறக்கும் இழுப்பான்கள்) ஒரேயடியாக இழுத்துவிட்டு, எவ்வளவு ஸ்வரம் அடுக்க முடியுமோ அவ்வளவையும் அடுக்கி வாசிப்பாராம். கருவிக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவாம். கருவி செய்தவர் முகம் அப்போதே வெளுத்துவிடும்!

ஏன் அதுதான் முதல் சோதனை? துருத்தி சிறியதாக இருந்தாலோ, காற்றுக்குழாய் குறுகலாக இருந்தாலோ, ஒற்றை ஸ்டாப்பில் வாசிக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. எல்லாக் குழலும் ஒரே நேரத்தில் காற்று கேட்கும்போதுதான் அழுத்தம் இறங்கும், சுருதி தொய்யும், ஒலி நடுங்கும். இதில் தேறினால்தான் ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தனியே கேட்க வேண்டும். நாக்குக் குழல்கள் தாமதமில்லாமல் பேசுகின்றனவா? விரலை எடுத்த பிறகும் ஏதாவது ஸ்வரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறதா? அப்படி ஊதினால் உள்ளே இருக்கும் மூடி சரியாக மூடவில்லை. தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் ஈரத்தில் மரம் உப்பியிருக்கும்.

1708-ல் ம்யூல்ஹவுசன் பிளாசியுஸ் தேவாலய ஆர்கனைப் பழுதுபார்ப்பதற்கு இதே ஆள் எழுதிக்கொடுத்த திட்டம் இன்றும் கிடைக்கிறது. காற்றுக் குறைக்கு மூன்று புதுத் துருத்திகள். மிதிகட்டைக்கு 32 அடி அடிநாதம், அதற்குத் தனிக் காற்றுப்பெட்டி. 16 அடி போசாவ்ன் என்ற நாக்குக் குழல்களைப் பெரிதாக்கி, வாய்ப்பகுதியையும் மாற்ற வேண்டும். மிதிகட்டையிலேயே 26 மணிகள். அந்த 32 அடி அடிநாதத்தின் கடைக்கோடி ஸ்வரம் நொடிக்குப் பதினாறு அதிர்வுதான். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அது தெரியும். காற்றைக் குடித்துத் தீர்க்கும் குழல் என்பதால்தான் தனிப்பெட்டி கேட்கிறார். இல்லாவிட்டால் காலை வைத்ததும் மேலே கை வாசிப்பதெல்லாம் சுருதி இறங்கும். இந்தப் பட்டியலைப் பேனா எழுதியது என்று எதிரணி உரிமை கொண்டாடலாம். எழுத வைத்தது பாதம் ஐயா!

அடுத்து, 1722-ல் 24 ஸ்கேல்களுக்கும் முகப்பும் ஃபியூகும் (ஒரே வரியைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் இசை) எழுதினாரே, அது பேனாவின் உச்சம் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் வாதாடினார். நல்ல வாதம். ஆனால் அந்த 24 ஸ்கேலையும் வாசிக்கவிடாமல் அதுவரை தடுத்தது எது? ஒன்று சுருதி, இன்னொன்று கட்டைவிரல்.

அன்றைக்குப் பரவலாக இருந்த மீன்டோன் என்ற சுருதி சேர்க்கும் முறையில் அந்தர காந்தாரம் தூய்மையாக நிற்க வேண்டும் என்பதற்காகப் பதினோரு பஞ்சமங்களைக் கொஞ்சம் கொஞ்சம் குறுக்குவார்கள். குறுக்கியதெல்லாம் சேர்ந்து பன்னிரண்டாவது பஞ்சமத்தின் தலையில் விழும். ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் நடுவே அது கால் ஸ்வரத்துக்கும் சற்றுக் குறைவாக அகன்றுபோய் ஊளையிடும். சி, ஜி, டி என்று சுற்றிக்கொண்டிருக்கும் வரை தேன். ஏ ஃபிளாட் பக்கம் போனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பிசிறை எல்லாப் பஞ்சமங்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது தாளில் நடக்கிற வேலை இல்லை; சாவியைக் கையில் பிடித்துத் தந்தியைத் திருகிக் காதால் செய்கிற வேலை. பாஹ் தன் ஹார்ப்சிகார்டு என்ற தந்திக் கட்டைக் கருவிக்குத் தானே சுருதி சேர்ப்பார், கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார் என்று 1802-ல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்க்கல் எழுதியிருக்கிறார்.

கட்டைவிரல் கதை இன்னும் சுவையானது. பழைய முறையில் வலக்கை மேலே ஏறும்போது நடுவிரலும் மோதிரவிரலும் மாறி மாறி, ஒன்றின் மேல் ஒன்று தாண்டி நடக்கும். 1720-ல் மூத்த மகனுக்காகத் தொடங்கிய ஏட்டில் பாஹே அப்படி விரல் எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெள்ளைக் கட்டைகளில் அது ஓடும். ஐந்து ஷார்ப், ஆறு ஷார்ப் என்று வந்தால்? மேடு பள்ளத்தில் விரல் தடுக்கும். அங்கே நீளவிரல்கள் மேட்டுக் கட்டையில் இருக்கும்போது கட்டைவிரல் அடியில் நுழைந்து அடுத்த படியைப் பிடிக்க வேண்டும். தான் சிறுவனாக இருந்தபோது பெரிய பெரிய வித்வான்களே எட்டாத தூரத்துக்கு மட்டும்தான் கட்டைவிரலைப் பயன்படுத்தினார்கள் என்று அப்பா சொன்னதை இமானுவேல் 1753-ல் அச்சிட்டிருக்கிறார். அந்த விரலை வேலைக்கு வைத்த பிறகுதான் 24 ஸ்கேலும் புழங்கும் இடமானது. விரல் வழிவிட்டது, பேனா பின்னால் நடந்தது.

எதிரணி இன்னொரு அம்பை எடுத்துக் காட்டியது: 'பாஹ் கருவியில் உட்கார்ந்து இசையமைத்ததில்லை, மகனே சொல்லியிருக்கிறார்' என்று. 1775-ல் ஃபோர்க்கலுக்கு எழுதிய கடிதம் அது. பாதியில் நிறுத்திவிட்டீர்களே! முழு வாக்கியத்தில், சில கிளாவியர் (கட்டைக் கருவி) படைப்புகள் விதிவிலக்கு, அதுவும் கருவியில் கற்பனையாக வாசித்ததிலிருந்து கரு எடுத்தபோது, என்று இருக்கிறது. மற்றவற்றையும் எழுதிய பின் கருவியில் வாசித்துப் பார்ப்பார் என்றும் இருக்கிறது. கடைசித் தீர்ப்பை யார் சொன்னது? விரல்.

1717 டிரெஸ்டன் கதையை நான் எடுக்கப்போவதில்லை. போட்டிக்கு வந்த பிரெஞ்சு வித்வான் மார்ஷான் விடியற்காலையில் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார் என்பார்கள். சொன்னதெல்லாம் ஜெர்மன் தரப்பு. எங்கள் அணிக்கு அந்தச் சாட்சி தேவையில்லை. 1720-ல் ஹாம்பர்க் கத்தரீனா தேவாலயத்தில் அங்கே ஆர்கன் வாசித்துவந்த முதியவர் ரைன்கன் முன்னால் ஒரே பாடலை அரைமணி நேரம் போலக் கற்பனையில் விரித்து வாசித்தார் என்று அஞ்சலிக் கட்டுரை சொல்கிறது. அது போதும். அதே ஆண்டு அந்த ஊரில் காலியாக இருந்த ஆர்கன் வேலை, 4000 மார்க் நன்கொடை கொடுத்தவருக்குப் போனது. திறமைக்கு எதிரில் பணம் ஜெயித்தது. பேனா ஜெயித்ததாக எதிரணி இதில் கணக்கெழுத வேண்டாம்.

எதிரணித் தலைவர் நம் வீட்டுக்குள்ளும் வந்தார். 1986-ல் இளையராஜா தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பைச் சொல்லி, 'ராஜா சந்தித்த பாஹ் தாளில் இருந்த பாஹ்தானே?' என்று கேட்டார். அந்தத் தொகுப்பில் ராஜா எடுத்துக்கொண்டது எதை? தனி வயலினுக்கான ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற பல பகுதி இசையின் முகப்பை. அதை பாஹே என்ன செய்தார் தெரியுமா? 1731-ல் லைப்சிக் நகர்மன்ற வழிபாட்டுக்காக டி மேஜருக்கு இறக்கி, டிரம்பெட்டும் முரசும் கூட ஒலிக்க, வயலின் வரிகளை ஆர்கனுக்குக் கொடுத்துவிட்டார்! வயலினுக்கென்று எழுதியதுகூடக் கடைசியில் கட்டைக்குத்தான் வந்து சேர்ந்தது.

லைப்சிக்கில் அவர் பார்த்தது பள்ளிப் பாடகர் குழுத் தலைவர் வேலை, ஆர்கன் வேலை இல்லையே என்பார்கள். உண்மை. 1723 முதல் சாகும்வரை அப்படித்தான். எழுதித் தள்ளினார், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் ஆர்கனுக்கு ஆறு டிரியோ சொனாட்டா வருகிறது. வலக்கை ஒரு கட்டை வரிசையில், இடக்கை இன்னொன்றில், கால்கள் கீழே, மூன்று பேர் பாடுகிற மாதிரி மூன்று குரல். வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் சறுக்குவது இடக்கை. பழக்கத்தில் அது பாதத்தோடு சேர்ந்து கீழ் ஸ்வரத்துக்கு ஓடப் பார்க்கும். அதனால்தான் காலையும் இடக்கையையும் மட்டும் தனியாகச் சாதகம் செய்துவிட்டு வலக்கையைச் சேர்ப்பார்கள். உட்கார்ந்து மிதிக்காதவர் இப்படி ஒன்றை எழுத முடியுமா?

1746-ல், 61 வயதில், நௌம்பர்க் ஆர்கனைச் சோதிக்கப் போகிறார். 1747 மே 7-ல் போட்ஸ்டாம் அரண்மனை. மன்னர் பிரெடரிக் ஒரு வரியைக் கொடுக்க, சில்பர்மான் செய்த பியானோவில் அங்கேயே ஃபியூக் வாசித்தார். முன்பு இதே சில்பர்மானின் பியானோவைத் தொட்டுப் பார்த்து, மேல்ஸ்தாயி மெலிவு, கட்டை கனம் என்று குறை சொன்னவர். சில்பர்மான் கோபித்துக்கொண்டாலும் திருத்தினார், பாஹும் பிறகு ஒப்புக்கொண்டார். ஆறு குரலில் கேட்டபோது மன்னரின் வரி அதற்கு வளைந்து கொடுக்காது என்று தன் வரி ஒன்றை எடுத்து வாசித்தார். மன்னரின் வரியில் ஆறு குரலை ஊருக்குப் போய்த் தாளில்தான் முடித்தார். அது எதிரணிக்கு ஒரு மதிப்பெண், வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். பாடகர் குழுவுக்கு எழுதிய மத்தேயு பாடுகளின் இசை 1830 வரை அச்சேறவில்லை. ஆண்டுக்கணக்கில் ஞாயிறுதோறும் தந்த கண்டாட்டாக்கள் என்ற வழிபாட்டுப் பாடல் தொகுதிகளில் அவர் வாழ்நாளில் அச்சைக் கண்டது 1708-ல் ம்யூல்ஹவுசன் நகர்மன்றம் அச்சிட்டதுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் 1731, 1735, 1739, 1741 என்று நான்கு பாகமாக அவர் வெளியே கொண்டுவந்தது முழுக்க முழுக்கக் கட்டைக் கருவிகளுக்கான இசை. அதில் முதல் பாகத்துக்கு வெளியீட்டாளரும் அவரேதான். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பேனாவை நம்பிய மனிதராக இருந்தால், அச்சுக்கூலி கொடுக்க வந்த நேரத்தில் பாடகர் குழுவுக்கு எழுதியதையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்து விரலுக்கும் இரண்டு பாதத்துக்கும் எழுதியதை மட்டும் ஏன் எடுத்து வந்தார்?