முதல் தடவையே 'தி' வரலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "இங்கிலீஷ்ல ஒரு பொருளை முதல் தடவை சொல்லும்போது 'எ', மறுபடி சொல்லும்போது 'தி'ன்னு படிச்சோம். ஆனா 'க்ளோஸ் தி டோர்'ல எடுத்த எடுப்புலயே 'தி' வருதே? 'கோ டு ஸ்கூல்'ல 'தி'யே இல்லையே, அது ஏன்?"

நீங்க படிச்சது பாதி விதிதாங்க. பார்க்க வேண்டியது, நான் எதைச் சொல்றேன்னு கேட்கிறவருக்குப் புரியுமாங்கிறதைத்தான். புரியும்னா 'தி'. ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு கதவைச் சாத்துன்னா, எந்தக் கதவுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. 'ஐ பாட் எ கார், பட் தி எஞ்சின் இஸ் ஓல்ட்'. எஞ்சினைப் பத்தி இப்பதான் பேச்சே வருது. ஆனா கார்னு சொன்னதுமே அதோட எஞ்சினும் கூடவே வந்தாச்சு, அதான் 'தி'.

தமிழ்ல 'எ', 'ஆன்', 'தி' மாதிரி ஆர்ட்டிகிள் இல்ல, அதனாலதான் நமக்கு இது வரலன்னு சொல்வாங்க. தனிச் சொல்லா இல்லதான், ஆனா அந்த வித்தியாசம் நமக்குப் புதுசு இல்ல. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்', ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. முதல்ல ஏதோ ஒரு புத்தகம். ரெண்டாவதுல, நமக்குள்ள ஏற்கெனவே பேச்சு அடிபட்ட புத்தகம். அங்க ஐ உருபு காட்டுறதைத்தான் இங்க 'தி' காட்டுது. ஆனா ஆட்களைச் சொல்லும்போது இந்தச் சோதனை செல்லாது, ஏன்னா அங்க ஐ எப்பவும் வந்துடும். 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்'னா 'எ டாக்டர்'தான்.

'எ'யா 'ஆன்'ஆங்கிறதுக்கு எழுத்தைப் பார்க்காதீங்க, உச்சரிப்பைக் கேளுங்க. 'ஆன் அவர்' (an hour), 'எ யூனிவர்சிட்டி' (a university). மியூசிக் மாதிரி எண்ண முடியாததைப் பத்திப் பொதுவாப் பேசினா எதுவுமே வேண்டாம்: 'ஐ லைக் மியூசிக்'.

இப்ப ஸ்கூலுக்கு வருவோம். பையன் படிக்கப் போனா 'கோ டு ஸ்கூல்'. அவங்க அப்பா டீச்சரைப் பார்க்க அதே கட்டடத்துக்குப் போனா 'கோ டு தி ஸ்கூல்'. ஸ்கூல், ப்ரிசன் மாதிரி சில இடங்களுக்கு, அந்த இடம் எதுக்காக இருக்கோ அதுக்காகவே போனா 'தி' வராது. 'ஹி இஸ் இன் ப்ரிசன்'னா அவர் கைதி. 'இன் தி ப்ரிசன்'னா குழாய் ரிப்பேர் பண்ண உள்ள போனவராக்கூட இருக்கலாம். ஒரு 'தி' விட்டுப்போனா மனுஷனை உள்ள தள்ளிடுது, பாருங்க! ஹாஸ்பிட்டல்ல மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். நோயாளியா படுத்திருந்தா பிரிட்டிஷ்காரங்க 'இன் ஹாஸ்பிட்டல்'பாங்க, அமெரிக்கர்கள் 'இன் தி ஹாஸ்பிட்டல்'பாங்க. ரெண்டும் சரிதான், ஒரே கட்டுரையில கலந்து எழுதாம பார்த்துக்குங்க.