ஜனவரியில் பிராக்

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா?" என்பதுதான். டிக்கெட் மலிவு என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையும் அதுதான். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து, யார் கேட்டாலும் ஜனவரியிலேயே போங்கள் என்கிறேன்.

குளிர்ப் புராணத்தை முதலில் முடித்துவிடுவோம். நான் இருந்த நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு, ஐந்து டிகிரி. அது கூடத் தாங்கிவிடலாம். பழைய நகரத்தின் தெருக்களெல்லாம் கல் பாவியவை. குளிர் பாதம் வழியாக ஏறுகிறது. கோட்டுக்குக் கொட்டும் காசில் பாதியைக் கனத்த அடியுள்ள பூட்ஸுக்கும் கம்பளிக் காலுறைக்கும் போடுங்கள். அப்புறம் செல்போன். நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்தது, பாலத்தில் படம் எடுக்க வெளியே எடுத்தேன், அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடுமாம். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், உயிர் வந்தது.

அந்தப் பாலம்தான் சார்லஸ் பாலம். 1357-இல் அரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் கட்டத் தொடங்கியது. நீளம் 500 மீட்டருக்கு மேல். இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். கோடையில் அங்கே நடக்க முடியாது, நகர மட்டும்தான் முடியும் என்பார்கள். நான் போனது காலை ஏழரைக்கு. சூரியன் எட்டு மணிக்குத்தான் வரும். வல்தாவா ஆற்றின் மேல் மூட்டம், எதிர்க்கரைக் கோட்டை இருந்த இடமே தெரியவில்லை. சிலைகளின் தலையிலும் தோளிலும் பனி. 1393-இல் அரசன் ஆணையால் இந்த ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் நெபோமுக் யானின் சிலை ஒன்று உண்டு. பாலத்துச் சிலைகளில் மூத்தது அது, 1683-இல் வைத்தது. அதன் அடியிலுள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று வருகிறவர்களெல்லாம் தடவித் தடவி, ஓரிடம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. நானும் கையுறையைக் கழற்றித் தொட்டேன். விரல் சுரீர் என்றது. அப்போது காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் கடந்து போனார். சிலையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரர்! பிராக் வந்து மூன்றாம் நாள் அன்றுதான் ஒரு ஊருக்குள் இருக்கிறேன் என்று தோன்றியது.

1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தையும் பார்த்தேன். மணிக்கொரு தரம் எலும்புக்கூடு மணியடிக்கிறது. கீழே நின்றவர்கள் மொத்தம் ஏழு பேர். சரி, அது போகட்டும்.

நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-இல் பிறந்த ஊர் அது. அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான் அவர் தமிழ் கற்பித்தார். 1968-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபின் நாட்டைவிட்டே போனார். அதே பல்கலைக்கழக மாணவர் யான் பலாக், வயது 20. படையெடுப்பைக் கண்டித்து, மக்கள் அடங்கிப்போவதைப் பொறுக்காமல், 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்கோடியில் தீக்குளித்தார். மூன்று நாள் கழித்து இறந்தார். இருபது ஆண்டு கழித்து, 1989 ஜனவரியில், அவர் நினைவாக அங்கே கூடியவர்களைப் போலீஸ் தண்ணீர் பீய்ச்சி விரட்டியது. அந்தக் குளிரில் தண்ணீர்! அந்த ஆண்டு நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியே போய்விட்டது.

சதுக்கத்தின் அந்த மேல்கோடியிலுள்ள அருங்காட்சியகத்துக்கு முன்னால், அவர் நினைவாக நடைபாதைக் கல்லோடு கல்லாக ஒரு வெண்கலச் சிலுவை பதித்திருக்கிறார்கள். கோடையில் அதைத் தாண்டித்தான் எல்லாரும் போவார்கள். நான் போன மாலை ஜனவரி 16. நாலரைக்கே இருட்டிவிட்டது. பனி மேல் கண்ணாடிக் குடுவைகளில் மெழுகுவத்திகள். மேடையில்லை, மைக் இல்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் ஒருவர் ஒருவராக வைத்துவிட்டுப் போகிறார்கள். முதுகில் பையோடு ஒரு பையன் வந்தான். அவன் தீக்குச்சி எதுவும் பற்றவைக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, பக்கத்துக் குடுவையிலிருந்து தன்னுடையதை ஏற்றினான். அதோடு அணைந்துபோயிருந்த இன்னும் இரண்டையும் ஏற்றிவிட்டு, டிராமைப் பிடிக்க ஓடினான்.